கேட்டு வர ஆளில்லாத ஓடிபி

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டை ஆரம்பிக்க வேண்டியதாப் போனது குருவையா அண்ணாச்சியால. நேத்து அவர் பென்ஷனுக்கு வந்த ஓடிபியை, மூணாம் வீட்டு ஜெயக்கொடிக்கு வந்த கேஸ் நம்பர்னு நினைச்சு அவகிட்டச் சொல்லிட்டேன். அவ அதை சிலிண்டர்காரன்கிட்டச் சொல்ல, அவன் "இது இல்லக்கா"ன்னு சிலிண்டரைத் திரும்பத் தூக்கிட்டுப் போயிட்டான். அண்ணாச்சி அந்தப் பக்கம் இ-சேவை மையத்துல வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கார். ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். இனிமே எந்த ஓடிபி, எந்நேரம், யாருக்கு, எல்லாம் எழுத்துல இருக்கும்.

ஒரு தெருவோட ஓடிபி பூரா மாவுக்கடைக்காரி போனுக்கு ஏன் வருதுன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. பத்து வருஷத்துக்கு முன்னால எங்க கடைக்கு எதுத்தாப்புல இருக்கிற சமுதாயக் கூடத்துல ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் பதிவு எடுத்தாங்க. ஆளாளுக்கு ரேகை வச்சாங்க, பேரைச் சொன்னாங்க. "போன் நம்பர்?"னு கேட்டதும் முழிச்சாங்க. பாதிப் பேருக்குப் போன் கிடையாது, மீதிப் பேருக்கு அவங்க நம்பரே தெரியாது. தலையைத் தூக்கினா எங்க கடைச் சுவர். 'இட்லி மாவு, தோசை மாவு கிடைக்கும்', அதுக்குக் கீழ முழ உசரத்துக்கு என் நம்பர். எழுதின கை நல்ல கை, ரோட்டு முனையில இருந்தே தெரியும். முதல் ஆள் அதைப் பார்த்து வாசிச்சார். அவருக்குப் பின்னால நின்ன முப்பத்தேழு குடும்பமும் அதையே வாசிச்சுது.

இப்போ எல்லார் கையிலயும் போன் இருக்கு. நம்பரை மாத்திக்கோங்கன்னு நானும் சொல்றேன். மாத்தணும்னா அதுக்கும் ஒரு ஓடிபி என் போனுக்குத்தான் வரணுமாம். அப்புறம் பாத்துக்கலாம் அக்கான்னு போயிடுறாங்க. நானும் ரொம்ப வற்புறுத்துறதில்ல.

ஜூன் 3, செவ்வாய்

மூணு ஓடிபி. அண்ணாச்சி பென்ஷன் சரியாயிடுச்சு. ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனார், புளிப்பு.

ஜூன் 5, வியாழன்

காலையில பதினொண்ணு பத்துக்கு ஒரு ஓடிபி வந்துச்சு. ரேஷன் கார்டு மெசேஜ். இங்கிலீஷ்ல நீட்டி எழுதியிருக்கும், நான் நம்பரை மட்டும்தான் பார்ப்பேன். துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சேன். முன்னெல்லாம் வாசல்ல நின்னு சத்தம் போட்டுச் சொல்லிடுவேன். இ-சேவை மையத்துப் பொண்ணு, "அம்மா, ஓடிபியை ஏலம் போடாதீங்க"ன்னு ஒரு நாள் வந்து சத்தம் போட்டதுல இருந்து சீட்டுதான். மத்தியானம் வரைக்கும் யாரும் கேட்டு வரல. நானே வீடு வீடாப் போய்க் கேட்டேன். நான் போடல, நான் போடலன்னாங்க. இந்தப் பத்து வருஷத்துல கேட்டு வர ஆளில்லாத ஓடிபி இதுதான் முதல்.

சாயங்காலம் புஷ்பம் வந்தா. முழுப் பேர் தங்கபுஷ்பம், ரெண்டு வீடு தள்ளி ஒத்த ரூம்ல வாடகைக்கு இருக்கா, தறி செட்டுல வேலை. எனக்குச் சொந்தம்தான். வீட்டுக்காரன் திருப்பூர் பக்கம் வேலைக்குன்னு போய் ஒன்பது வருஷம், ஒரு தகவலும் இல்ல. பிள்ளையும் இல்ல. ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் எங்க வீட்டுலதான்.

இன்னைக்கு அவ முகமே வேற மாதிரி இருந்துச்சு. முப்பதாம் தேதி சமுதாயக் கூடத்துல வீட்டுமனைப் பட்டா முகாமாம். ஒண்டிப் பொம்பளைகளுக்கு முன்னுரிமைன்னு கிராம அலுவலர் சொன்னாராம்.

"ரெண்டே கால் சென்டு மதினி. ஒரு ரூம், ஒரு அடுப்படி, பின்னால ஒரு முருங்கை. போதும்ல?"

"முருங்கை வேண்டாம், கம்பளிப்பூச்சி வரும்"னேன்.

"அப்போ கொய்யா"ன்னா.

ஜூன் 9, திங்கள்

மறுபடி ஒண்ணு. அதே பதினொரு மணிவாக்குல, அதே ரேஷன் மெசேஜ். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசும் பார்த்தேன். கார்டு நம்பரோட கடைசி நாலு இலக்கம் இருந்துச்சு. தெருவுல எல்லார் கார்டையும் போட்டோ எடுத்துப் போன்ல வச்சிருக்கேன், ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்தேன். புஷ்பம் கார்டு.

அவளோ காலையில எட்டு மணியில இருந்து தறி செட்டுல நிக்கிறா. அங்க போனைக் கையில எடுக்கக்கூட விடமாட்டாங்க.

ஜூன் 10, செவ்வாய்

பதினொண்ணேகாலுக்குப் போன் வந்துச்சு. ஒரு பொண்ணு. "அம்மா, இ-சேவை மையத்துல இருந்து பேசுறேன், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க"ன்னா. முன்பின் தெரியாதவங்களுக்கு ஓடிபி சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் சின்னப் பிள்ளையா? "எந்த ஊரு நீ? உன் மேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கிறேன் பாரு"ன்னு பிடிச்ச பிடியில அந்தப் பொண்ணு பயந்துட்டா. அப்புறம் போன் வேற கைக்கு மாறுச்சு. நான் வச்சிட்டேன்.

ராங் நம்பர்.

ஜூன் 11, புதன்

மாவுல உப்புப் போட மறந்துட்டேன். ஏழு வீட்டுல இருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. "ராங் நம்பருக்கா இப்படி?"ன்னு எங்க வீட்டுக்காரர் இவர் கேட்டார். உப்பு டப்பாவை எடுத்துக் கிரைண்டர் பக்கத்துல வச்சேன்.

ஜூன் 13, வெள்ளி

நோட்டுல பொய் எழுதி யாரை ஏமாத்தப் போறேன். போன் கை மாறினதும் "அக்கா, நான்தான்"னு கேட்டுச்சு. அது சௌந்தரம். சௌந்தரபாண்டி, என் கூடப்பிறந்த தம்பி, புஷ்பத்தோட வீட்டுக்காரன்.

போர்டு எழுதுறதுதான் அவன் தொழில். எங்க கடைச் சுவர்ல அந்த நம்பரை எழுதினதும் அவன்தான். பிளெக்ஸ் பேனர் வந்து சோலி படுத்ததும் திருப்பூர் போறேன்னு போனான். முதல் ரெண்டு மாசம் போன் வந்துச்சு. அதுக்கப்புறம் இந்தச் செவ்வாய்க்கிழமை வந்ததுதான்.

இன்னைக்குக் கடையை இவர்கிட்ட விட்டுட்டு, இ-சேவை மையத்துப் பொண்ணுகிட்ட அந்த மெசேஜைக் காட்டினேன். அவளுக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு. "இவங்க கார்டுல இருந்து ஒரு ஆள் பேரை எடுத்து, வேற கார்டுல சேர்க்கிறதுக்குப் போட்டிருக்காங்கம்மா. திருப்பூர்ல. நீங்க ஓடிபி சொன்னாத்தான் இந்தக் கார்டுல இருந்து பேர் போகும்."

"வேற கார்டுன்னா?"

"வேற குடும்பம்மா. அங்க ஒரு அம்மா, ஒரு குழந்தை பேர் இருக்கும்போல."

அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, ஸ்கிரீன்ல இருந்ததை வாசிச்சா.

தம்பி உயிரோட இருக்கான்னு முதல்ல சந்தோஷப்பட்டேன். அதை எழுத வெட்கமாத்தான் இருக்கு. அதுக்கப்புறம்தான் கோபம் வந்துச்சு. எடுபட்ட பய. இத்தனை வருஷம் அக்கா செத்தாளா இருக்காளான்னு கேக்காதவனுக்கு, ஆறு இலக்கம் வேணும்னதும் அக்கா ஞாபகம் வந்திருக்கு.

புஷ்பத்துக்குச் சொல்லல. அவ நெத்தியில இன்னும் குங்குமம் வைக்கிறா. அவன் வருவான்னுதான் இந்தத் தெருவை விட்டுப் போகாம இருக்கா. அவ அம்மா வீட்டுல எத்தனையோ தடவை கூப்பிட்டாங்க.

சொல்லாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அவன் பேர் கார்டுல இருந்து போயிட்டா, அவளுக்கும் எனக்கும் என்ன சொந்தம்?

ஜூன் 16, திங்கள்

புஷ்பம் லீவு போட்டுட்டு பட்டா விஷயமா தாலுகா ஆபீஸுக்குப் போய்ட்டு வந்தா. முன்னெல்லாம் ஒரு சாதிச் சான்றிதழுக்கு மூணு நாள் சாப்பாட்டு வாளியோட போய் மரத்தடியில கிடப்போம். இப்போ எல்லாம் பத்து நிமிஷத்துல சொல்லிடுறாங்க, முடியாதுங்கறதையும் பத்து நிமிஷத்துல சொல்லிடுறாங்க. பட்டாவுக்கு கார்டுல குடும்பத் தலைவியா அவ பேர் இருக்கணுமாம். இல்லாட்டி இப்போ தலைவரா இருக்கிற வீட்டுக்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். அந்த ஆபீஸர் பாவம், மரியாதையாத்தான் சொன்னாராம்.

உடனே இ-சேவை மையத்துக்குப் போய், வீட்டுக்காரர் பேரை நீக்க முடியுமான்னு பார்த்திருக்கா. காரணம்னு ஒரு பட்டியல் வந்துச்சாம். இறப்பு. திருமணம். வேறு கார்டுக்கு மாற்றம்.

"ஓடிப்போனது அதுல இல்ல மதினி"ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா.

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்ல, ஏதாவது வழி பிறக்கும்"னா. ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டா.

ஜூன் 17, செவ்வாய்

பதினொண்ணு இருபதுக்கு வந்துச்சு. போனைக் கிரைண்டர் மேல வச்சிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பத்து நிமிஷம்தான் அதுக்கு ஆயுசு. நடுவுல ரெண்டு தடவை போன் அடிச்சுது, எடுக்கல. பத்து நிமிஷம் கழிஞ்சதும் மனசு லேசாகும்னு நினைச்சேன், ஆகல.

பட்டா கிடைக்கணும்னா அவன் பேர் போகணும். அவன் பேர் போகணும்னா நான் ஆறு இலக்கம் சொல்லணும். அவளோட வீட்டை நான் கையில வச்சுக்கிட்டு மாவு அளந்துக்கிட்டிருக்கேன்.

ஜூன் 18, புதன்

இவர்கிட்டச் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, "அவ கார்டுக்கு வந்தது, அவகிட்டக் கொடு"ன்னார். முப்பது வருஷமா இவர் பேசுறதே இவ்வளவுதான், அதுலயும் சரியாப் பேசித் தொலைக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

தறி செட்டு விட்டு வந்தவளைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன். சுத்தி வளைக்கத் தெரியல. சௌந்தரம் போன் பண்ணினான், திருப்பூர்ல வேற குடும்பம் இருக்கு, ஒரு பிள்ளை இருக்கு, கார்டுல இருந்து பேரை எடுக்கிறதுக்குத்தான் அந்த ஓடிபி வருது, நான் மறைச்சிட்டேன். இவ்வளவையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு அழுதுட்டேன்.

அவ அழல. முந்தானையால என் முகத்தைத் துடைச்சு விட்டா.

"எனக்குத் தெரியும் மதினி."

"என்னத்தத் தெரியும்?"

"ஆறு வருஷமாத் தெரியும். பழனிக்குப் போறேன்னு போனேன்ல, பழனிக்குப் போகல. திருப்பூருக்குத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டுலயே பார்த்துட்டேன். கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னார். பக்கத்துல அந்தப் பொண்ணு பால் பாட்டிலைக் கழுவிக்கிட்டிருந்தா. நான் பேசல, அடுத்த பஸ்ல ஏறிட்டேன்."

"எனக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுத்தியே?"

"மதுரை பஸ் ஸ்டாண்டுல வாங்கினது."

அதை நான் சாமி பிரசாதம்னு தெரு பூரா கொடுத்தேன். குருவையா அண்ணாச்சி கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாப்பிட்டார்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன். எனக்கு அப்போ அழுகை போய்க் கோபம்தான் இருந்துச்சு.

"நீங்க ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்கு ஒரு வேட்டி எடுத்து பீரோவுல வைக்கிறீங்க. அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது? கூடப்பிறந்தது வந்துடும்னு இருக்கீங்க. நம்ம வாயால அதை ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

அந்த வேட்டி விஷயம் அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஒன்பது வேட்டி இருக்கு.

"அப்போ குங்குமம்?"

"குங்குமம் எனக்குப் பிடிச்சிருக்கு, வைக்கிறேன். அதுக்கும் அவருக்கும் என்ன?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

"அங்க யாரு இருக்கா? அண்ணன் பொண்டாட்டி சோறு போடும்போதே தட்டைப் பார்ப்பா. இங்க நீங்க தோசையைப் போட்டுட்டு இன்னொண்ணு வேணுமான்னு கேக்கிறீங்க."

அவளுக்காக நானும் எனக்காக அவளுமா ஆறு வருஷம் நாடகம் ஆடியிருக்கோம். நினைச்சா ஆத்திரமா வருது. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சதுல இவர் கதவைத் தட்டி என்னன்னு கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

புஷ்பம் அரை நாள் லீவு. பத்தரைக்கே வந்து கிரைண்டர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டா. பதினொண்ணு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு, ஓடிபி வரல. நான் போனை எடுக்காம எடுக்காம விட்டதுல அவனுக்கு அலுத்துப் போயிருக்கும். வேண்டாதப்ப வந்து நின்னுச்சு, வேணும்னதும் காணோம்.

"அந்த மையத்துப் பொண்ணு நம்பருக்குப் போடுங்க மதினி"ன்னா.

போட்டேன். திருப்பூர் மையத்துப் பொண்ணு எடுத்ததும், "அம்மா, நான் நிஜமாவே மையத்துலதாம்மா வேலை பாக்கிறேன்"னு ஆரம்பிச்சா. என் மேல அவ்வளவு பயம். சமாதானம் சொல்லி, அந்த ஆளைக் கூப்பிட்டு விடச் சொன்னேன். பக்கத்துலதான் பெயிண்ட் கடையில நிக்கிறானாம். கால் மணி நேரத்துல வந்தான்.

"அக்கா"ன்னான். நான் போனைப் புஷ்பம் கையில கொடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"நான் புஷ்பம் பேசுறேன்."

லைன் போயிடுச்சோன்னு எட்டிப் பார்த்தேன், இருக்கு.

"அந்த ஓடிபியை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க. இங்க சார்ஜும் இருக்கு, சிக்னலும் இருக்கு."

"புஷ்பம், நான் உனக்கு..."

"அதெல்லாம் இருக்கட்டும். வந்தாப் பத்து நிமிஷம்தான் இருக்கும். முதல்ல அனுப்பச் சொல்லுங்க."

ஒன்பது வருஷம் கழிச்சுப் புருஷனும் பொண்டாட்டியும் பேசின பேச்சு இது. நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

வந்துச்சு. அவளே வாசிச்சா. ஒவ்வொரு இலக்கமா, நிறுத்தி நிறுத்தி. வாசிச்சு முடிச்சு, "திருப்பிச் சொல்லுங்க, சரியான்னு பார்ப்போம்"னா. அவன் திருப்பிச் சொன்னான். நாலாவது இலக்கத்துல அவன் குரல் உடைஞ்சிடுச்சு. அவ பொறுமையா, "அஞ்சாவது?"ன்னா. சொன்னான். "ஆறாவது?" அதையும் சொன்னான்.

"போயிடுச்சும்மா, ஏத்துக்கிச்சு"ன்னு மையத்துப் பொண்ணு பின்னால இருந்து சொன்னா.

"பிள்ளை பேர் என்ன?"ன்னு புஷ்பம் கேட்டா. சொன்னான். எங்க அம்மா பேரைத்தான் வச்சிருக்கான். பள்ளிக்கூடத்துல சேர்க்கிறதுக்குக் கார்டு கேக்கிறாங்களாம், அதுக்குத்தான் இத்தனை பாடாம்.

"நல்லாப் படிக்க வையுங்க"ன்னு சொல்லி வச்சிட்டா.

நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திட்டுறதுக்கு நிறைய சேர்த்து வச்சிருந்தேன். அம்மா பேரைக் கேட்டதும் அதுல ஒண்ணைக்கூட எடுக்க மனசு வரல.

ஜூன் 21, சனி

இவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். "திடீர்னு என்ன?"ன்னார். மிச்சம் எட்டும் உங்களுக்குத்தான், கட்டிக் கிழிங்கன்னு சொன்னேன்.

ஜூன் 25, புதன்

மத்தியானம் மெசேஜ் வந்துச்சு, தமிழ்லயே. கோரிக்கை ஏற்கப்பட்டது. தலைவர் மாற்றத்துக்கும் அப்பவே போட்டு விட்டிருந்தோம், அதுவும் சேர்ந்து முடிஞ்சிருக்கு. மையத்துல போய்க் கார்டை அச்செடுத்துட்டு வந்தோம். குடும்பத் தலைவி: தங்கபுஷ்பம். உறுப்பினர் எண்ணிக்கை: ஒன்று.

அந்த 'ஒன்று' எனக்குக் கண்ணை உறுத்துச்சு. அவ அதைப் பார்த்த மாதிரியே தெரியல. தறி செட்டுல எல்லார்கிட்டயும் காட்டிட்டு வந்தா.

ஜூன் 30, திங்கள்

முகாம். காலையிலேயே கடையை இவர்கிட்ட ஒப்படைச்சிட்டு அவகூடப் போய் உட்கார்ந்தேன். எதுத்தாப்புல இருக்கிற கூடம்தான், ஆனாலும் பட்டுச் சேலை கட்டிட்டுப் போனேன். எங்க டோக்கன் நாப்பத்தொண்ணு. கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்த தம்பிக்கு மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு வயசு இருக்கும், முகம் பாராமக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கிட்டே போனார்.

"தந்தை பேரா, கணவர் பேரா?"

"தந்தை"ன்னு சொல்லி அவ அப்பா பேரைச் சொன்னா. தட்டினார்.

"தொடர்புக்கு ஒரு உறவினர் பேர் வேணும்."

"செண்பகவல்லி"ன்னு என்னைக் காட்டினா.

"என்ன உறவு?"

"மதினி."

"அப்படின்னா?"

"வீட்டுக்காரரோட அக்கா."

அந்தத் தம்பி கார்டைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். "கார்டுல கணவர் இல்லையேம்மா. அப்புறம் கணவரோட அக்கான்னு எப்படிப் போடுறது? போட்டா இது ஏத்துக்காது."

பதிமூணாம் தேதி ராத்திரி படுத்துக்கிட்டு எதை நினைச்சுப் பயந்தேனோ, அதை அந்தத் தம்பி சாதாரணமாக் கேட்டுட்டார். பின்னால வரிசையில நிக்கிறவங்க எல்லாம் பாக்கிற மாதிரி இருந்துச்சு. "வேற யாரையாவது போடும்மா, உங்க அண்ணனைப் போடு"ன்னு புஷ்பத்துகிட்டச் சொன்னேன். என் குரல் எனக்கே கேக்கல.

அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஸ்கிரீன் பக்கம் குனிஞ்சா.

"தம்பி, அந்தப் பட்டியல்ல என்னென்ன இருக்கு?"

"தாய், தந்தை, சகோதரன், சகோதரி, மகன், மகள்."

"சகோதரின்னு போடுங்க."

தட்டினார். ஏத்துக்கிச்சு.

ரசீது கையில வந்ததும் வெளிய வந்து படியில உட்கார்ந்து மூணு தடவை வாசிச்சேன். விண்ணப்பம் பதிவு செய்யப்பட்டது, அறுபது நாளுக்குள்ள இடத்தைப் பார்க்க வருவாங்க. அதுக்குக் கீழ என் பேர், என் பேருக்கு எதிர்ல சகோதரி. புஷ்பம் தறி செட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா.

கடைக்கு வந்து ரசீதை இவர்கிட்டக் கொடுத்தேன். ஈரக்கையைத் துடைச்சிட்டு வாங்கி, தூரமா வச்சுப் பிடிச்சு வாசிச்சார்.

"நீ எப்போ இவளுக்கு அக்கா ஆனே?"ன்னார்.

"இன்னைக்குக் காலையில, பதினொண்ணேகாலுக்கு"ன்னேன்.